ஓய்வூதியத்தில் வாழும் எனக்கு டர்பன் நகருக்குள் ஒரு வாடகை வீடு வேண்டும்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

சாட்ஸ்வர்த் ஆயா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 68. சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டின் பின்புறத்து அவுட்பில்டிங்கில் பதினொரு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறேன். ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை, குளியலறை, அவ்வளவுதான். வாசலில் கறிவேப்பிலை மரமும் கூப்பிடு தூரத்தில் கோயிலும் இருந்ததால் எதையும் குறையாக நினைத்ததில்லை. முன்வீட்டுப் பெரியவர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால் சொத்தை விற்கப் போகிறார்கள். மூன்று மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி மரியாதையாகத்தான் சொன்னார்கள். எழுத்தில் எங்களுக்குள் எதுவும் இல்லை.

கணவரின் ஓய்வூதியமும் தென்னாப்பிரிக்க அரசின் முதியோர் உதவித்தொகையில் எனக்கு வரும் பங்கும் சேர்ந்து மாதம் 8,200 ராண்டு வருகிறது. இப்போது வாடகை 3,600. மின்சாரம் உட்பட 4,500-க்கு மேல் என்னால் முடியாது. கார் இல்லை. முழங்கால் வலி உண்டு. தங்கை ஓவர்போர்ட்டில் இருப்பதால் நகரத்துப் பக்கம் வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். மகன் ஜொகன்னஸ்பர்க்குக்கு அழைக்கிறான்; அவனுடைய வீடு சிறியது, எனக்கு அங்கே யாரையும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது சோம்ட்சு சாலைக்கு அருகே இருந்த மேகசின் பாரக்ஸில். அப்பா நகராட்சித் தொழிலாளி. அறுபதுகளில் எங்களையெல்லாம் சாமான்களோடு லாரியில் ஏற்றிச் சாட்ஸ்வர்த்தில் இறக்கினார்கள். அப்போது எனக்கு ஏழு வயது. அந்த முறை யாரும் எங்களைக் கேட்கவில்லை. இந்த முறையாவது போகிற இடத்தை நானே பார்த்து, விசாரித்து, தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று விரும்புகிறேன். அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

வெருளம் தம்பி எழுதியது:

ஆயா, வணக்கம். நகரத்து அடுக்குமாடிகளைப் பற்றி நான் கேள்விப்படுவது எதுவும் நன்றாக இல்லை. வெருளத்திலோ ஃபீனிக்ஸிலோ நம்மவர்கள் வீட்டு அவுட்பில்டிங் இன்னொன்று கிடைக்காமல் போகாது. முன்வீட்டில் ஒரு குடும்பம் இருந்தால் இரவில் நெஞ்சு வலித்தாலும் கதவைத் தட்டலாம். தண்ணீர்தான் எங்கள் பக்கத்துக் குறை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்த பிறகு அந்த ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்ததை எல்லோரும் அறிவோம். ஜோஜோ என்னும் பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கும் வீடாகப் பாருங்கள்.

சவுத்பீச் 11-ஆம் மாடி எழுதியது:

அம்மா, நான் 72 வயதுக்காரன். ஒன்பது ஆண்டுகளாகக் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடியில் தனியாக வாடகைக்கு இருக்கிறேன். இதே கட்டடத்துக்கு வருவதற்கு முன் வேறொன்றில் பதினான்கு மாதங்கள் பட்ட பாட்டிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான்: நம்மைப் போன்றவர்கள் முதலில் கட்டடத்தைப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வீட்டைப் பார்க்க வேண்டும். புதுச் சுண்ணாம்பும் புது டைல்ஸும் ஒரே வாரத்தில் போட்டுவிடலாம். கட்டடம் எப்படி நடத்தப்படுகிறது என்பதை ஒரு வாரத்தில் மாற்ற முடியாது.

இங்குள்ள பல அடுக்குமாடிகளில் ஒவ்வொரு பிளாட்டுக்கும் தனித்தனி உரிமையாளர் இருப்பார். எல்லோரும் சேர்ந்த சங்கத்தைத்தான் பாடி கார்ப்பரேட் என்கிறோம். லிஃப்ட், காவலாளி, காப்பீடு, பல கட்டடங்களில் தண்ணீர் என எல்லாச் செலவும் உரிமையாளர்கள் மாதந்தோறும் கட்டும் லெவியிலிருந்துதான் போகிறது. பாதிப் பேர் லெவி கட்டாவிட்டால் சங்கத்தால் நகராட்சிக் கட்டணத்தைச் செலுத்த முடியாது. கட்டடம் முழுவதற்கும் ஒரே மீட்டர் என்றால் நகராட்சி மொத்தமாகத் துண்டித்துவிடும். முன்பு நான் இருந்த இடத்தில் நடந்தது அதுதான். மாதம் முதல் தேதியே வாடகை கட்டிய நான், யாரோ கட்டாத லெவிக்காக ஆறாம் மாடிக்கு ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் சுமந்தேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கேனைக் கீழே வைத்து, சுவரைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவேன். நான்காம் மாடித் திருப்பத்தில் ஒரு நாள் உட்கார்ந்தவன் இருபது நிமிடம் எழுந்திருக்கவில்லை. அந்த மாதமே வெளியேற முடிவு செய்தேன்.

ஆகவே உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக் கதவைப் பார்க்காதீர்கள், அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். ஆண்டுக் கூட்ட அறிவிப்பு, லிஃப்ட் பழுது பார்க்கும் தேதி, பொறுப்பாளரின் தொலைபேசி எண் ஆகியவை புதிய தாளில் ஒட்டப்பட்டிருந்தால் யாரோ கட்டடத்தைக் கவனிக்கிறார்கள் என்று பொருள். பிறகு மாடிப்படி அருகே தொங்கும் தீயணைப்புக் கருவியின் கழுத்தில் கட்டியிருக்கும் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். அதைச் சோதித்த தேதி அதில் இருக்கும். ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும். சீட்டே இல்லையென்றாலோ மூன்று ஆண்டுப் பழைய தேதி இருந்தாலோ வீட்டைப் பார்க்காமலே திரும்பிவிடலாம். லிஃப்டுக்காகக் காத்திருக்கும் முதியவர்களிடம், சென்ற மாதம் எத்தனை நாள் அது நின்றது என்று கேளுங்கள். ஏஜென்ட் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

நான் பதினோராம் மாடியில் இருப்பது எனக்குப் பழகிவிட்டது. உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். மின்வெட்டு மிகுந்திருந்த 2022, 2023 ஆண்டுகளில் நான் கடைக்குப் போகும் நேரத்தை மின்வாரிய அட்டவணைதான் முடிவு செய்தது. முழங்கால் வலி உள்ளவர் இரண்டாம் மாடிக்கு மேல் எடுக்கவே வேண்டாம். தரைத்தளம் என்றால் சன்னல் கம்பிகளைச் சரிபார்க்க வேண்டும்.

பைன்டவுன் சட்ட எழுத்தர் எழுதியது:

முப்பது ஆண்டுகள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். அம்மா, வீடு தேடுவதற்கு முன் உங்கள் இன்றைய நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை என்பதால் உரிமை ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. 1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுவசதிச் சட்டத்தின்படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. அதை எழுத்தில் தரும்படி நீங்கள் கேட்டால் வீட்டுக்காரர் மறுக்க முடியாது. சொத்து விற்கப்பட்டாலும் வாடகை ஒப்பந்தம் முறிவதில்லை, வாங்குபவர் பழைய வீட்டுக்காரரின் இடத்தில் வந்து நிற்கிறார். உங்களுடையது மாதாமாதம் தொடரும் ஏற்பாடு என்பதால், புதியவர் உங்களை அனுப்ப விரும்பினால் குறைந்தது ஒரு மாத எழுத்து அறிவிப்பு தர வேண்டும். பிள்ளைகள் மூன்று மாதம் என்று சொன்னது நல்ல மனது. அந்த நல்ல மனதை ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். வாங்கப் போகிறவருக்கு அது தெரியாது அல்லவா?

அறிவிப்புக் காலம் முடிந்தும் உங்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்றால்கூட யாரும் உங்கள் சாமான்களைத் தூக்கி வெளியே வைக்க முடியாது. நீதிமன்ற ஆணையின்றி எவரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது என்பது அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு. 1998-ஆம் ஆண்டின் சட்டவிரோத வெளியேற்றத் தடுப்புச் சட்டம், ஆணை பிறப்பிக்கும் முன் முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பெண் தலைமையிலுள்ள குடும்பங்கள் ஆகியோரின் தேவைகளை நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. இதைச் சொல்வது பிள்ளைகளோடு சண்டையிடுவதற்காக அல்ல. பயத்தில் அவசரப்பட்டுக் கிடைத்த வீட்டில் கையெழுத்துப் போட்டுவிடக்கூடாது என்பதற்காக.

சாட்ஸ்வர்த் ஆயா எழுதியது:

ஐயா, இதைப் படித்த பிறகுதான் நேற்றிரவு ஒழுங்காகத் தூங்கினேன். இதற்கு முன் நம்மவர் ஒருவரின் வீட்டில் இருந்தபோது, வாடகையை ஏற்றச் சம்மதிக்கவில்லை என்பதற்காக வீட்டுக்காரர் என் பக்கத்து மின்சாரத்தை நிறுத்திவிட்டார். குளிர்பெட்டியில் இருந்த இன்சுலின் கெட்டுப் போனது. அதை நான் விதி என்று எண்ணி, பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்போது இன்னொரு சிக்கல். இரண்டு ஏஜென்ட்டுகளிடம் பேசினேன். இருவரும் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். என்னிடம் ஏது சம்பளம்? ஒருவர் என் வயதைக் கேட்டவுடன், பிறகு அழைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

பைன்டவுன் சட்ட எழுத்தர் எழுதியது:

நீதிமன்ற ஆணையில்லாமல் மின்சாரத்தைத் துண்டித்தது சட்டத்துக்குப் புறம்பானது அம்மா, அது விதியல்ல. அப்போது வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்திருக்கலாம். மாகாணம்தோறும் அது இருக்கிறது, கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை.

சம்பளச் சீட்டுக்குப் பதிலாக மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, ஓய்வூதிய நிதியத்தின் கடிதம், உதவித்தொகை வருவதற்கு அதை வழங்கும் அரசு முகமையான சாசாவின் கடிதம் ஆகியவற்றைக் கொடுங்கள். பதினொரு ஆண்டுகள் தவறாமல் வாடகை கட்டியதற்கு முன்வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு சான்றுக் கடிதம் வாங்குங்கள்; இளம் வயதினர் யாரும் கொண்டுவர முடியாத சான்று அது. வருமானத்தில் மூன்றிலொரு பங்குக்குள் வாடகை இருக்க வேண்டும் என்று ஏஜென்ட்டுகள் கணக்குப் பார்ப்பார்கள். உங்களுக்கு அது இடிக்கும். மகன் ஜாமீன் கையெழுத்துப் போட முன்வந்தால் கதவு திறக்கலாம்.

ஓவர்போர்ட் மருமகள் எழுதியது:

ஆயாவுக்கு வணக்கம். என் மாமியாருக்காகச் சென்ற ஆண்டு ஐந்து மாதங்கள் வீடு தேடினோம். முதல் மாதத்திலேயே ஏமாந்தோம் என்பதால் அதை விவரமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. இணையத்தில் ஒரு விளம்பரம்: மஸ்க்ரேவ் பக்கம், கடல் தெரியும் பால்கனி, வாடகை 3,900. அந்த இடத்துக்கு அந்த விலை என்பதே எங்களை எச்சரித்திருக்க வேண்டும். பேசியவர் மிக இனிமையாகப் பேசினார், தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும், முதியவர் என்பதால் முன்னுரிமை தருவதாகவும், பலர் கேட்பதால் அன்றைக்கே முன்பணத்தில் பாதியைச் செலுத்தினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் சொன்னார். அனுப்பினோம். சாவி வரவில்லை. அந்த முகவரிக்குப் போனபோது, இருபது ஆண்டுகளாக அங்கே குடியிருக்கும் ஒரு குடும்பம் கதவைத் திறந்தது. அன்று மாமியார் அழவில்லை. "நான் கேட்டுத்தானே தேடினீர்கள், என்னால் உங்களுக்கு நஷ்டம்" என்று மட்டும் சொன்னார். பணத்தைவிட அதுதான் எங்களை வருத்தியது.

ஆகவே உள்ளே நின்று குழாயைத் திறந்து பார்க்காத வீட்டுக்கு ஒரு ராண்டுகூடக் கொடுக்காதீர்கள். ஏஜென்ட்டாக இருந்தால் சொத்துத் தொழிலர் ஒழுங்குமுறை ஆணையம் தரும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அது இல்லாமல் அவர் தொழில் செய்யக்கூடாது. உரிமையாளர் நேரடியாகத் தருகிறார் என்றால் நகராட்சிக் கட்டணச் சீட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடத்துக்குத் தொடர்பே இல்லாதவர்கள் வாடகை வசூலிக்கும் இடங்கள் நம் நகரத்திலும் உண்டு.

பகலில் பார்த்த வீட்டை வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, அதுவும் மாதக் கடைசியில், இன்னொரு முறை போய்ப் பார்க்க வேண்டும். மாமியாருக்கு மிகவும் பிடித்திருந்த ஒரு வீட்டை அப்படிப் போய்ப் பார்த்த பிறகுதான் கைவிட்டோம். கீழே மதுக்கடை இருப்பது பகலில் தெரியவே இல்லை.

ஜொகன்னஸ்பர்க்கில் ஒரு மகன் எழுதியது:

என் அம்மாவும் டர்பனில்தான் தனியாக இருக்கிறார். வீட்டுப் பாதுகாப்பு என்றாலே எல்லோரும் திருட்டைப் பற்றியே பேசுவதால் இதைச் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 31 அதிகாலையில் இங்கே மார்ஷல்டவுனில் உசிந்திசோ கட்டடம் எரிந்து 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளே பலகைத் தடுப்புகளும், பூட்டிய இரும்புக் கதவுகளும் வெளியேற முடியாமல் செய்தன. மறுவாரமே அம்மாவின் கட்டடத்துக்கு வந்து அவசரப் படிக்கட்டு வழியாக நானே கீழே இறங்கிப் பார்த்தேன். கடைசிக் கதவில் திருடருக்குப் பயந்து பூட்டுப் போட்டிருந்தார்கள். பூட்டில் துரு ஏறியிருந்தது, சாவி யாரிடம் என்று காவலாளிக்கும் தெரியவில்லை. அம்மாவின் பிளாட்டிலும் படுக்கையறை சன்னல் கம்பி திறக்கவே முடியாதபடி பற்றவைக்கப்பட்டிருந்தது. வீடு பார்க்கும்போது அந்தப் படிக்கட்டில் ஒரு முறை கீழே வரை நடந்து பாருங்கள். ஒரே பிளாட்டைப் பலகை வைத்து நான்கு குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும் கட்டடமாக இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வெருளம் தம்பி எழுதியது:

இவ்வளவையும் படித்த பிறகு என் கருத்து இன்னும் உறுதியாகிறது. 68 வயதில் இத்தனை சோதனை எதற்கு? முன்வீட்டில் நம் குடும்பம் ஒன்று இருந்தால் போதுமே.

சவுத்பீச் 11-ஆம் மாடி எழுதியது:

தம்பி, உங்கள் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் இந்த இடத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. ஆயா இன்று வீடு தேடுவதே முன்வீட்டில் இருந்த நல்ல மனிதர் காலமானதால்தான். ஆயா மின்சாரம் இழந்ததும் அடுக்குமாடியில் அல்ல, நம்மவர் வீட்டில்தான். நமக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்பட்டு இருந்துவிடுகிறோம். நல்லவர் இருக்கும் வரை அது சரியாக நடக்கிறது, அவர் போனபின் நம் கையில் ஒரு ரசீதுகூட இருப்பதில்லை. அவுட்பில்டிங்கில் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அங்கேயும் எழுதி வாங்க வேண்டும் என்கிறேன்.

இன்னொரு வழியையும் ஆயா மறக்க வேண்டாம். டர்பனில் 1958 முதல் இயங்கும் டாஃப்டா, முதியோருக்கென்றே குறைந்த வாடகையில் குடியிருப்புகள் நடத்துகிறது. 1921-இல் நம்மவர்கள் தொடங்கிய ஆரியன் பெனவலண்ட் ஹோம் பராமரிப்பு தேவைப்படுவோருக்கானது. உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. டாஃப்டாவில் காத்திருப்போர் பட்டியலில் இன்றே பெயர் கொடுத்துவிட்டு, இடைக்காலத்துக்கு வாடகை வீடு தேடுங்கள். சமூக வீட்டுவசதித் திட்டங்களில் குடும்ப வருமானம் மாதம் 1,850 முதல் 22,000 ராண்டு வரை இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பதால் அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

சாட்ஸ்வர்த் ஆயா எழுதியது:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும். டாஃப்டாவில் பெயர் கொடுத்தாயிற்று. முன்வீட்டுப் பிள்ளைகள் மூன்று மாத அவகாசத்தையும் சான்றுக் கடிதத்தையும் கேட்டவுடன் எழுதி அனுப்பினார்கள். கேட்காமல் இருந்தது என் தவறு.

தங்கையோடு ஏழு கட்டடங்கள் பார்த்தேன். நீங்கள் சொன்னபடி முதலில் தீயணைப்புக் கருவியின் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் 2019 என்று இருந்தது, அப்படியே திரும்பிவிட்டோம். இன்னொன்றில் எல்லாம் நன்றாக இருந்தும், மின்சாரம் நகராட்சி மீட்டரில் இல்லாமல் தனியார் பிரீபெய்டு மீட்டரில் வந்தது. நூறு ராண்டுக்கு எத்தனை யூனிட் கிடைக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவின் ரசீதை வாங்கிப் பார்த்தோம். சேவைக் கட்டணம் பிடித்தது போக, எனக்குச் சாட்ஸ்வர்த்தில் கிடைப்பதைவிடக் குறைவாகவே இருந்தது. வாடகையில் மிச்சமாகும் இருநூறு அதிலேயே போய்விடும்.

கடைசியில் ஓவர்போர்ட்டில் மூன்றே மாடி கொண்ட ஒரு பழைய கட்டடத்தில், முதல் மாடியில், 4,050 வாடகைக்கு ஓர் அறை வீடு கிடைத்திருக்கிறது. லிஃப்டே இல்லை என்பதால் லெவியும் குறைவு என்று உரிமையாளர் சொன்னார். பதினாறு படிகள். மளிகைப் பையோடு இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை இரவும் போய் நின்றோம்; மேல்வீட்டில் யாரோ ரசம் தாளிக்கும் வாசனை மட்டும் வந்தது. முன்பணம் ஒரு மாத வாடகை. ஒப்பந்தம் பன்னிரண்டு மாதத்துக்கு. நாளை கையெழுத்து. மகன் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறான்.

பைன்டவுன் சட்ட எழுத்தர் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி அம்மா. கையெழுத்துக்கு முன் மூன்று செய்திகளை மட்டும் கவனியுங்கள். முன்பணத்தை வட்டி தரும் கணக்கில் போட்டு வைப்பது வீட்டுக்காரரின் கடமை, வட்டியும் உங்களுடையது. எந்த வங்கி என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். குடிபோகும் முன் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறைகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும், போகும்போதும் அப்படியே. அப்படிச் சேர்ந்து பார்க்க வீட்டுக்காரர் தவறினால் வீடு நல்ல நிலையில் இருந்ததாகவே சட்டம் கொள்ளும், அவர் பின்னால் முன்பணத்தில் எதையும் பிடிக்க முடியாது. குறை ஒன்றுமில்லை என்றால் ஒப்பந்தம் முடிந்து ஏழு நாளுக்குள் முன்பணம் திரும்ப வர வேண்டும்.

மூன்றாவது, டாஃப்டாவில் இடையிலேயே இடம் கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்பது. வாடகைக்கு விடுவதையே தொழிலாகச் செய்யும் உரிமையாளராக இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 20 வேலைநாள் எழுத்து அறிவிப்பில் நீங்கள் விலகலாம். நியாயமான ஓர் இழப்பீடு மட்டும் அவர் கேட்கலாம். இவர் ஒரே வீடு வைத்திருப்பவர் என்றால் அந்தச் சட்டம் பொருந்தாமல் போகக்கூடும். எனவே முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தால் இரண்டு மாத அறிவிப்பில் விலகலாம் என்று ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள்.

சாட்ஸ்வர்த் ஆயா எழுதியது:

அந்த வரியைச் சேர்த்துவிட்டார் ஐயா. இரண்டு மாதம் என்பதை அவரே ஒரு மாதம் என்று மாற்றி எழுதினார்.

நேற்று சேர்ந்து பார்வையிட்டோம். தங்கை மகள் கைப்பேசியில் 43 படங்கள் எடுத்தாள். கீசருக்குக் கீழே கூரையில் தட்டு அளவுக்கு ஒரு பழுப்புக் கறை, சமையலறைக் குழாயில் சொட்டு, படுக்கையறை சன்னலில் ஒரு கொக்கி இல்லை. மூன்றையும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். படுக்கையறைக் கம்பிக்கு உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் இருக்கிறது. நானே திறந்து மூடிப் பார்த்தேன், கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும். கறிவேப்பிலையில் ஒரு கன்றைத் தொட்டியில் எடுத்து வந்திருக்கிறேன். சனிக்கிழமை விளக்கேற்றிப் பால் காய்ச்சுகிறோம்.

ஓவர்போர்ட் மருமகள் எழுதியது:

ஆயா, மாமியார் வீட்டிலிருந்து நீங்கள் வரும் தெரு பத்து நிமிட நடைதான் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை அவரை அழைத்து வரட்டுமா? அந்தக் கட்டடத்தில் தரைத்தளத்தில் ஏதாவது காலியாகப் போகிறதா என்றும் விசாரித்துச் சொல்லுங்கள்; எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் இருக்கும் ஒரு பெரியவர் மூன்று மாதமாகத் தேடுகிறார்.